“முடிச்சுத் தள்ளிடு” என்று சொன்னது நான்தான்

அக்டோபர் கடைசியில் எங்கள் கல்லூரியில் அட்வைசிங் வாரம் வரும், அடுத்த செமஸ்டருக்கு என்ன பாடம் எடுப்பது என்று மாணவர்களுக்கு நாங்கள் யோசனை சொல்கிற வாரம். ஆளுக்கு 20 நிமிஷம். மாணவர் வந்து உட்காருவார், நான் அவருடைய டிகிரி ஆடிட்டைத் திரையில் திறப்பேன். முடித்த பாடமெல்லாம் பச்சை, பாக்கி சிவப்பு. கணக்கில் எல்லாம் பச்சையாக இருக்கும், கீழே “தத்துவம் 2”, “இறையியல் 1” என்று இரண்டு சிவப்புக் கட்டம் முறைத்துக்கொண்டிருக்கும். “இதை எதுக்கு எடுக்கணும் புரொஃபசர்?” என்று கேட்பார்கள். “கோர் அது, எல்லாருக்கும் கட்டாயம், கேள்வி கேட்காம அடுத்த செமஸ்டர்ல முடிச்சுத் தள்ளிடு” என்று பல வருஷம் பதில் சொன்னவன் நான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வெளியே இன்னும் நாலு பேர் காத்திருப்பார்கள்.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி இது. நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கும்பிடுகிற சாமி வேறு, அதை இங்கே யாரும் கேட்டதில்லை. பட்டம் வாங்க 120 கிரெடிட், அதில் 42 கோருக்கே போய்விடும். என்ன மேஜர் எடுத்தாலும் இலக்கியம், வரலாறு, ஒரு அறிவியல், ஒரு கணக்கு, கலை, அப்புறம் இரண்டு தத்துவம், இரண்டு இறையியல். பாஸ்டன் காலேஜ் மாதிரிப் பெரிய இடத்திலும் இந்த இரண்டுக்கு இரண்டு உண்டு. நான் ஊரில் படித்ததும் பாதிரிமார் நடத்திய கல்லூரிதான். அங்கே கிறிஸ்தவப் பையன்களுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து உட்காரவைப்பார்கள். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் அடுத்த வகுப்பு ரெக்கார்டு நோட்டை எழுதி முடிப்போம். இங்கே அப்படிப் பிரிப்பதில்லை. முஸ்லிம் மாணவி, சாமியே இல்லை என்கிற பையன் எல்லோரும் ஒரே இறையியல் வகுப்பில் உட்கார்ந்து கட்டுரை எழுதவேண்டும், நம்புகிறாயா என்று யாரும் மார்க் போடுவதில்லை. இந்த வித்தியாசம் எனக்குப் புரியவே இரண்டு வருஷம் ஆனது.

சில வருஷங்களுக்கு முன்னால் கோரைத் திருத்த ஒரு கமிட்டி போட்டார்கள், என்னையும் தூக்கிப் போட்டார்கள். 14 மாதம். நர்சிங் துறைக்கு மருத்துவமனைப் பயிற்சி நேரம் கூடிவிட்டது, பாடம் நுழைக்க இடமில்லை, அதனால் இரண்டாவது தத்துவத்தை நீக்கிவிடலாம் என்று ஆரம்பித்தது. கூட்டக் குறிப்பில் பார்த்தால் எல்லோரும் பல்கலைக்கழகம் எதற்கு என்று நியூமன் பாதிரியார் 1852இல் டப்ளினில் ஆற்றிய உரைகளைப் பற்றியே பேசியதுபோல இருக்கும். நடந்தது என்னவோ வேலையிடச் சண்டை. ஒரு கட்டாயப் பாடம் போனால் வருஷத்துக்கு இத்தனை வகுப்பு போகும், வகுப்பு போனால் ஓய்வுபெறுகிறவர் இடத்தில் ஆள் போடமாட்டார்கள். இதை வெளிப்படையாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அதனால் படிப்பு உருவாக்கவேண்டிய “முழு மனிதன்”, “முழு மனிதன்” என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சண்டையே புதுசில்லை என்பது வேறு விஷயம். ஹார்வர்டில் மாணவர்கள் தங்கள் பாடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்த அதன் தலைவர் எலியட், நானூறு வருஷமாக அதிகம் மாறாத பாடத்திட்டம் என்று இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் கல்லூரிகளை 1899இல் குத்திக்காட்ட, பாஸ்டன் காலேஜின் முன்னாள் தலைவர் ப்ரோஸ்னஹான் பாதிரியார் பதிலுக்கு வாங்குவாங்கென்று வாங்கினார்.

கமிட்டிக்காகப் படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்டவர் கிளாவியஸ். 1582இல் வந்த கிரிகோரியன் காலண்டருக்குக் கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர், ரோமில் இயேசு சபைக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அந்தச் சபை தன் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ராத்தியோ ஸ்டுடியோரும் என்ற பாடத்திட்டத்தை 1599இல் இறுதி செய்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் கணக்குக்கு ஒரு இடம் வாங்க இவர் மல்லுக்கட்டினார். அப்போது கணக்குக்கு மரியாதை கிடையாது. தத்துவம் நடத்துகிறவர்கள் மாணவர்கள் முன்னால் கணக்கை மட்டம் தட்டிப் பேசக்கூடாது, கல்லூரி விழாக்களில் கணக்கு வாத்தியாரையும் கூப்பிடவேண்டும் என்றெல்லாம் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். விழாவுக்குக் கூப்பிடாத வருத்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் முதல் வரி சுருக்கென்று தைத்தது. நானூறு வருஷத்தில் தராசு தலைகீழாகிவிட்டது. இப்போது மட்டம் தட்டுகிற கணக்கு வாத்தியார் நான். கமிட்டியில் தத்துவத்துக்கு ஆதரவாகக் கை தூக்கிவிட்டு, அறைக்கு வந்து “முடிச்சுத் தள்ளிடு” என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் அதே நாளில்.

கடைசியில் என்ன முடிவெடுத்தோம் என்றால், இரண்டாவது தத்துவம் இருக்கும், ஆனால் அதற்குப் பதில் “அறவியல்” முத்திரை குத்திய எந்தப் பாடத்தையும் எடுக்கலாம். முதல் வருஷமே 30 பாடத்துக்கு மேல் அறவியல் முத்திரையோடு வந்து நின்றன. மார்க்கெட்டிங் அறவியல். விளையாட்டு மேலாண்மை அறவியல். தரவு அறவியல் என்று ஒன்றை நானும் போட்டேன், மறைப்பானேன்.

அந்த முடிவோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் முதலாண்டு செமினார். எந்தத் துறைக்காரரும் நடத்தலாம், 16 மாணவர்கள், கையில் ஒரு பழைய நூல். எனக்கு விழுந்தது அகுஸ்தீன், பழங்காலக் கிறிஸ்தவ ஆயர், தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்தவர். வாழ்க்கையில் அவரைப் படித்ததில்லை, பக்கத்து அறை இறையியல்காரர் தன் குறிப்புகளைக் கொடுத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். வகுப்புச் சுவரில் சிலுவைக்குக் கீழே கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே நான். பதினாறு வயதில் அகுஸ்தீன் கூட்டாளிகளோடு போய் ராத்திரியில் பேரிக்காய் திருடிய கதை அன்றைக்கு. பசியில்லை, வீட்டில் அதைவிட நல்ல காய் இருந்தது, திருடியதைப் பெரும்பாலும் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். இதற்குப் போய்ப் பக்கம் பக்கமாகப் புலம்புகிறார். எனக்குக் கேள்வியே வரவில்லை. “எத்தனை பேர் சேர்ந்து போனாங்க?” என்று கேட்டேன், புள்ளியியல்காரன் புத்தி.

நர்சிங் படிக்கிற ஒரு பெண், வார இறுதியில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறவள், நிமிர்ந்தாள். “எண்ணிக்கை சொல்லலை புரொஃபசர். ஆனா தனியா இருந்திருந்தா செஞ்சிருக்க மாட்டேன்னு சொல்றார்.” கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: இரவு ஷிப்டில் நாலு பேர் இருப்பார்கள், ஒரு தாத்தா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், ஒருத்தி அவரைப் போலவே பேசிக்காட்டுவாள், எல்லோரும் சிரிப்பார்கள். “நானும் சிரிச்சேன். தனியா இருக்கிறப்ப அவர்கிட்ட அப்படிச் சிரிச்சதில்லை.” யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான். கடைசி பத்து நிமிஷத்துக்கு நான் தயாரித்து வைத்திருந்த ஸ்லைடுகளைத் திறக்கவே இல்லை.

அந்த ஆடிட்டில் இது மூன்று கிரெடிட், ஒரு பச்சைக் கட்டம்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ், தத்துவம் சிவப்பில் நிற்கிறது. “எது ஈஸி?” என்றான். வாய்வரை அந்தப் பழைய பதில் வந்துவிட்டது. “ஈஸியானது செவ்வாய், வியாழன் மதியம். நல்லது காலை எட்டு மணிக்கு” என்றேன். எட்டு மணிக்கு நடத்துகிறவர் யார், அங்கே என்ன படிப்பார்கள், நான் ஏன் ஒரு நாள் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன் என்றெல்லாம் சொன்னேன். 20 நிமிஷம் தாண்டி, வெளியே ஆள் கதவைத் தட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு மதியத்தையே எடுத்துக்கொண்டு போனான்.