சொதிக்கு எத்தனை கிராம்?

பெங்களூரில் வேலை பார்க்கிற மகன் போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் போட்டு, "எம்மா, சொதி வைக்கப் போறேன், பாசிப்பருப்பு எவ்வளவு?" என்றான். "ரெண்டு கை அள்ளிப் போடுலே" என்றேன். "யார் கை? உன் கையா, என் கையா? கிராம்ல சொல்லு."

சொதி என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. எத்தனை கிராம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து 25 வருடம், எத்தனையோ தடவை சொதி வைத்தாயிற்று, ஒருநாளும் எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை. அத்தையிடம் கேட்டேன், அவரும் உள்ளங்கையைக் குவித்துத்தான் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்ணிடம் சின்னத் தராசு ஒன்று இரவல் வாங்கி வந்து, சமைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக நிறுத்தேன். என் இரண்டு கைப் பருப்பு 80 கிராம். நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 12 பல், பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்தது ஒரு மேசைக்கரண்டி. எல்லாம் எழுதி அனுப்பினேன்.

ஆனால் தேங்காயை மூன்று தடவை பிழிந்து எடுக்கிற பாலை எப்படி எழுதுவது? கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் மூன்றாம் பாலில் வேக வேண்டும், வெந்த பருப்போடு இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிடலாம், கடைசியில் முதல் பால் ஊற்றியதும் ஓரத்தில் நுரை கட்டும், அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். நுரை கட்டுவது என்றால் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் மகள் ஒருநாளும் கிராம் கேட்டதில்லை. அவளை மட்டும் "வந்து பாரு, வந்து பாரு" என்று சின்ன வயதிலிருந்தே அடுப்படிக்குக் கூப்பிட்டேன், அவனை "போய்ப் படிலே" என்று விரட்டினேன். இந்தப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சொதி வைக்கிற வழக்கம் உண்டு, மாப்பிள்ளை சொதி என்றே பேர். மாப்பிள்ளை உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அவனும் வைக்கத் தெரிந்தவனாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. அது என் தப்பு. இன்று ஊரை விட்டுப் போய் ஒரு அறையில் தனியாக நின்றுகொண்டு கையளவைக் கேட்கிறான்.

நேற்று ராத்திரி வீடியோவில் வந்தான். சட்டி முழுக்கத் திரிதிரியாக இருந்தது. "முதல் பாலை ஊத்திட்டு எவ்வளவு நேரம் விட்ட?" "அஞ்சு நிமிஷம்." அவன் அப்பா பின்னாலிருந்து, நம்ம தாமிரபரணித் தண்ணி இல்லாமல் சொதி எப்படி வரும் என்றார். தண்ணீரில் ஒன்றும் இல்லை, அடுப்பில்தான் இருக்கிறது. மறுபடி ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லி, போனை அடுப்புக்கு நேரே சாய்த்து வைக்கச் சொல்லி, நுரை வரும்வரை இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். "இப்ப அணைலே" என்றேன், அணைத்தான். திரியவில்லை.

தேங்காய்ப் பால் வயிற்றில் மந்தம் தட்டும், இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி சாப்பிடக் கூடாது என்றேன். "அதுக்குப் புளி எத்தனை கிராம்மா?" என்றான். தராசை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.