ரொட்டிக்குள் ஒரு மோதிரம்

ஹாலோவீன் என்றதும் பேயும் பூசணிக்காயும்தான் நினைவுக்கு வரும். அயர்லாந்துக் கிராமங்களில் அக்டோபர் 31 இரவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: வீட்டில் அடுத்த கல்யாணம் யாருக்கு என்று பார்ப்பது. அதைச் சொல்லும் ரொட்டிதான் பார்ம்பிராக். ஐரிஷ் மொழியில் 'பிராக்' என்றால் புள்ளி விழுந்தது, புள்ளிகள் உலர்திராட்சை.

முன்பு ஈஸ்ட் போட்டுச் செய்தார்கள். வீட்டுக்குச் சுலபம் டீ பிராக். 375 கிராம் உலர்திராட்சையை 300 மில்லி கடுந்தேநீரில், பால் சேர்க்காமல், ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் 250 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா), 125 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் பட்டைத்தூள். தேநீர் ஆறாமல் முட்டையை ஊற்றினால் திரிந்துவிடும். 170 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மேலே கருகுகிறது என்று அவசரப்பட்டு எடுத்தால் நடு களியாக இருக்கும். மேலே ஃபாயில் போட்டு மூடி வேகவிடுங்கள்.

மோதிரத்தை பேக்கிங் தாளில் சுற்றி, மாவை டின்னில் ஊற்றிய பிறகு நடுவில் அமுக்க வேண்டும். மேலாக வைத்தால் ரொட்டி வெடிக்கும் இடத்தில் எட்டிப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும். உள்ளே மோதிரம் இருப்பதைச் சாப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பல் முக்கியம்.

மோதிரம் கிடைத்தவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். முன்பு மோதிரத்தோடு வேறு பொருள்களையும் ஒளித்து வைப்பார்கள்: காசு வந்தால் செல்வம், கந்தல் துணி வந்தால் வறுமை, பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. குச்சியும் இருந்தது, அதற்கு அர்த்தம் கொடுமையானது: அடிக்கிற புருஷன். இன்று கடை பிராக்கில் பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான். குச்சி போனதில் வருத்தமில்லை.

அடுப்பங்கரையில் இன்னொரு சோதனை. இரண்டு ஹேசல் கொட்டைகளுக்குக் காதலர் பெயரை வைத்து, கணப்பின் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். சேர்ந்து அமைதியாக எரிந்தால் நல்ல ஜோடி. ஒன்று 'பட்'டென்று வெடித்துத் துள்ளினால், அந்தப் பெயர்க்காரர் நிலைக்க மாட்டார். துள்ளுவது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி ஓட்டைப் பிளப்பதால்தான். புதுக் கொட்டை வெடிக்கும், காய்ந்த கொட்டை சாதுவாக எரியும். பிடித்த ஜோடிக்குப் பழைய கொட்டையாகப் பொறுக்கி வைத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்!

கல்யாணங்கள் அதிகம் நடந்தது தவக்காலத்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலத்துக்கு, முந்தைய வாரங்களில். அந்தக் காலத்தில் தவக்காலத்தில் திருச்சபை பொதுவாகக் கல்யாணம் நடத்தியதில்லை. அந்தக் கெடுவையும் தாண்டித் தனியாக நின்றவர்களுக்கு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு 'சாக்பீஸ் ஞாயிறு'. பூசைக்குப் போகும்போது கோட்டின் முதுகில் பொடியன்கள் சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டு ஓடுவார்கள்.