மேக்ரோஃபேஜை எந்தத் தேதியில் நீக்கினார்கள்?

கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வில் என்னை இரண்டு முறை கவிழ்த்தது சி பகுதிதான். 75 கேள்விகளில் 25 எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தப்பானால் ஒன்று போய்விடும். மூன்றாவது முறை ஆசிரியர் தகுதியான லெக்சரர்ஷிப் கிடைத்தது, உதவித்தொகையான ஜேஆர்எஃப் இல்லை. ஆகவே இது டாப்பரின் அறிவுரை அல்ல, தட்டுத்தடுமாறித் தேறியவள் சொல்வது என்றே படியுங்கள்.

காயம்பட்ட எலும்புத்தசை ஆறுவதில் நோயெதிர்ப்பு செல்களின் பங்கு, இரண்டு யூனிட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பாடம். இம்யூனாலஜி நாலாவது யூனிட், மறுவளர்ச்சி ஐந்தாவது. அதனால் இரண்டிலும் இதை ஒழுங்காகப் படிக்க மாட்டோம். நானும் நோட்டில் இடப்பக்கம் செல்லின் பெயர், வலப்பக்கம் அதன் வேலை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். எம்.எஸ்சி. வைவாவில் அந்தப் பட்டியல் கைவிட்டது.

"எலியின் தசையைக் காயப்படுத்திவிட்டு மேக்ரோஃபேஜே வராமல் தடுத்தால் என்ன ஆகும்?" என்றார் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர். மேக்ரோஃபேஜ் என்பது குப்பையை விழுங்கும் நோயெதிர்ப்பு செல். "அழற்சி குறையும் சார், சீக்கிரம் ஆறிடும்" என்றேன். "அப்போ செத்த தசை நார்களையெல்லாம் யாரும்மா அள்ளுறது?" என்று கேட்டார். பதில் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டரில் ஒரு மாதத் தாளைக் கிழித்தேன். 1-ஆம் தேதி கட்டத்தில் 'காயம்' என்று எழுதினேன். ஆய்வகத்தில் பெரும்பாலும் நாகப்பாம்பு விஷத்திலிருந்து எடுத்த கார்டியோடாக்ஸினை எலியின் கால் தசையில் ஊசியாகப் போடுவார்கள். சில மணி நேரத்தில், முதலில் ஓடிவரும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் வந்துவிடும். 2-ஆம் தேதி வாக்கில் அவற்றின் கூட்டம் உச்சத்தில் இருக்கும், அப்புறம் கலையும். அதற்குள் ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் இறங்கி, அழற்சியைத் தூண்டும் மேக்ரோஃபேஜ்களாக மாறி, செத்த நார்களை விழுங்கத் தொடங்கும். இவை விடும் டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) இருக்கும்போதுதான் சாட்டிலைட் செல்கள் பெருகும். தசை நாரின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் இந்த ஸ்டெம் செல்களை அலெக்சாண்டர் மாரோ 1961-இல் தவளைத் தசையில் பார்த்துச் சொன்னார்.

4, 5-ஆம் தேதிக் கட்டங்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள், இந்தப் பாடத்தின் உயிரே அங்கேதான். குப்பையை விழுங்கிய அதே மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறுகின்றன. விழுங்கிய செயலே அந்த மாற்றத்தைத் தூண்டுகிறது. அதன்பின் அவை ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகளை வெளியிட, பெருகிய செல்கள் ஒன்றோடொன்று இணைந்து புது நார் ஆகின்றன. நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரி டி செல்களும் ஏறக்குறைய இந்த நேரத்தில் சேர்ந்து, ஆம்ஃபிரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணி மூலம் சாட்டிலைட் செல்களுக்குக் கைகொடுக்கின்றன. 2013-இல் வெளிவந்த செய்தி இது. அழற்சியைத் தூண்டும் மேக்ரோஃபேஜ் எம்1, குணம் மாறியது எம்2 என்று புத்தகம் இரண்டு பெட்டி போடும். தேர்வுக்கு அது போதும், ஆனால் உடம்பில் அப்படி வெட்டிப் பிரித்த கோடு கிடையாது.

8-ஆம் தேதிக்கு மேல் ஸ்லைடைப் பாருங்கள். சாதாரண நாரில் நியூக்ளியஸ் ஓரமாக ஒதுங்கியிருக்கும். புது நாரில், ரோஸ் நிற வட்டத்தின் நடுவில் நீலப் பொட்டு வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது. கல்லூரியில் ஸ்லைடு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இந்தத் தாள் கையில் இருந்தால் சி பகுதிக் கேள்வியை வேறு மாதிரி படிப்பீர்கள். 'மேக்ரோஃபேஜ் இல்லை' என்றதும் விடைக்குத் தாவாமல், எந்தத் தேதியில் இல்லை என்று தேடுங்கள். 2007-இல் வந்த ஒரு எலி ஆய்வில், காயத்தின்போதே மோனோசைட்டுகளை ஒழித்தபோது தசை மீளவே இல்லை. பிந்தைய கட்டத்தில் மேக்ரோஃபேஜ்களை ஒழித்தபோது புது நார் வந்தது, ஆனால் மெலிந்து வந்தது. ஒரே செல்தான், தேதிதான் வேறு.

எனக்கு நெடுநாள் புரியாதது டுஷேன் தசைச்சிதைவு என்ற பரம்பரை நோய். அழற்சி இவ்வளவு நல்லது என்றால் அந்தக் குழந்தைகளுக்கு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை ஏன் கொடுக்கிறார்கள்? தசை நாரைக் கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாததால் நார்கள் ஓயாமல் கிழிகின்றன. ஒரு நாருக்கு 1-ஆம் தேதி, பக்கத்து நாருக்கு 5-ஆம் தேதி. எல்லாக் கட்டத்தின் எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிறுக்கியதுபோல் ஆகிவிடும். முதல் கட்ட டிஎன்எஃப், நார்த்திசு உண்டாக்கும் செல்களைக் கொன்று கட்டுக்குள் வைக்கும். பிந்தைய கட்டத்தில் வரும் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைன் அவற்றைச் சாகவிடாது. இரண்டும் கலந்து கிடந்தால் தசை இருந்த இடத்தில் தழும்பும் கொழுப்பும் சேரும்.

சரி, இப்போது நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். அழற்சியை அடக்கும் ஐஎல்-10-ஐ 2-ஆம் தேதியே ஊசியில் போட்டால், 8-ஆம் தேதிக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?