சோளகம் தொடங்கமுன் கூரைக்கு வெள்ளை அடியுங்கள்

ஏப்ரல் நடுவில் வட இலங்கையின் வன்னிக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. இடைப்பட்ட மாதங்களில் மழை அருமை, தென்மேற்கிலிருந்து வீசும் வரண்ட சோளகக் காற்றுத்தான். உச்சி வெயிலில் சுவரைவிடக் கூரைதான் கூடுதலாகச் சூடு வாங்கும். ஆகவே வீட்டுச் சூட்டைக் குறைக்கக் கையிலிருக்கும் காசை முதலில் கூரைக்குப் போடுங்கள். மின்விசிறி வாங்குவது பிறகு.

ஓட்டுக்கும் அஸ்பெஸ்ரஸ் சீற்றுக்கும் சுண்ணாம்பு போதும். 10 கிலோ நீறின சுண்ணாம்பை முதல்நாளே தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் வடித்தெடுங்கள். அதற்கு 1 கிலோ வெள்ளைச் சீமெந்தும், தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை அரை லீற்றரும் கணக்கு. வெள்ளைச் சீமெந்து இறுகிவிடும் என்பதால், ஒரு மணித்தியாலத்தில் அடித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் அவ்வப்போது கலவுங்கள். பால் பதம் வேண்டும். தடிப்பாக அடித்தால் காய்ந்ததும் செதில் செதிலாகக் கழரும். மெல்லிசாக இரண்டு பூச்சு அடிப்பதே நல்லது. மத்தியான வெயிலில் அடித்தால் பிடிக்கமுன் தண்ணீர் வற்றி, கை வைத்தால் மாவாக ஒட்டும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கூரையை நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பொல்லாதது, கண்ணாடி போடாமல் ஏறவேண்டாம்.

சீற்றில் பாசி இருந்தால் காய்ந்தபடி சுரண்டவே கூடாது. கம்பித் தூரிகையும் வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, மெதுவாகக் கழுவுங்கள். சீற்றில் நேரே கால் வைத்தால் உடைந்து ஆள் கீழே விழும். ஏணியில் நின்று நீளப்பிடித் தும்புத்தடியால் அடிக்கலாம். எட்டாத இடத்துக்குக் கீழே மரச்சட்டம் ஓடும் இடமாகப் பார்த்துப் பலகை போடுங்கள். மாரி மழை பூச்சைக் கழுவிவிடும், அதனால் ஒவ்வொரு பங்குனியிலும் திரும்ப அடிக்கவேண்டும். பீலியில் மழைத்தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

தகரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். தகரத்தின் மேல் தடிகளைக் குறுக்கே கட்டி, நாலு விரற்கடை இடைவெளி விட்டுக் கிடுகு வேயுங்கள். அந்த இடைவெளியால் காற்று ஓடினால்தான் பலன். தகரத்தோடு ஒட்டிப் போட்டால் சூடு கீழே இறங்கும். சோளகம் தூக்கிவிடும், ஆகவே தெற்கு, மேற்கு ஓரங்களை இரட்டைக் கட்டாகக் கட்டுங்கள். அடுப்படிக்கு மேலே மட்டும் கிடுகு வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் கழற்றாவிட்டால் ஈரம் தங்கித் தகரம் கறள் பிடிக்கும்.

அடுத்தது மேற்குப் பக்கம். யன்னலுக்கு உள்ளே சீலை தொங்கவிடுவதைவிட வெளியே ஒரு கிடுகுத் தட்டி மேல்; கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான். காலை 9 மணிபோல யன்னல்களைச் சாத்தி, பொழுதுபட்டு வெளிக்காற்று குளிர்ந்த பிறகு திறவுங்கள். பகல் முழுக்கத் திறந்து வைப்பதால் அனலும் புழுதியும்தான் வரும். இரவில் சீமெந்துக் கல் சுவர் பகற்சூட்டைக் கக்கும். அப்போது காற்றுக்கு மறுபக்க யன்னலில் மேசை மின்விசிறியை வெளியே பார்த்தபடி வையுங்கள், உள்ளிருக்கும் சூட்டை அது இழுத்துத் தள்ளும்.

வீட்டைக் குளிர்விக்க நனைத்துத் தொங்கவிடும் சாக்கு சோளகத்தில் நன்றாகவே வேலை செய்யும், காற்று வரண்டிருப்பதால். கிணறு வற்றும் ஆவணியில் அதற்கு உடுப்பு அலசின தண்ணீர் போதும். மழைக்காலப் புழுக்கத்தில் சாக்கை நனைத்துப் பயனில்லை.

முற்றத்துக்குச் சீமெந்து போடவேண்டாம், மண்ணாகவே விடுங்கள். மேற்கு வேலியில் பூவரசங் கதியால் ஊன்ற ஐப்பசி மழை நல்ல தருணம். முருங்கை கெதியில் நிழல் தரும், ஆனால் கொப்பு முறியும். சீற்றிலிருந்து தள்ளி நடுங்கள்.