டிக்சன்ஸ் பினக்கிளில் அணைந்துபோன கம்ப்யூட்டர்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங், மூன்றாம் நாள். இப்போது அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. படகில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. காலையில் முதல் டைவ் டிக்சன்ஸ் பினக்கிள். கடலுக்கடியில் எழும்பி நிற்கும் பாறைக் குன்றுகள். உச்சியே பதினெட்டு மீட்டர் வாக்கில்தான். சீலா மீன் கூட்டத்தை வாய்பிளந்து பார்த்தபடி 29 மீட்டர் வரை போனேன். பாறையைச் சுற்றிச் சுற்றி மேலேறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வெளியே வந்தபோது மொத்தம் 38 நிமிடம். ஆழத்தையும் நேரத்தையும் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று சொல்லும் மணிக்கட்டுக் கம்ப்யூட்டர் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

படகில் பிஸ்கட் தின்றுகொண்டே பார்த்தால், திரையில் ஒன்றுமில்லை. பட்டனை அமுக்கினேன், தட்டினேன், வெயிலில் காட்டினேன். பேட்டரி சின்னம் முந்தின நாளே மின்னியது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நான்தான்.

இன்ஸ்ட்ரக்டர் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"அண்ணே, உங்க பெட்டியில ஒண்ணு உபரியா இருக்குமே, அதைக் கட்டிக்கட்டுமா?"

"இருக்கு தம்பி. ஆனா அதுக்கு உங்களைத் தெரியாதே."

உண்மைதான். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரையும், அளவு மீறினால் மேலே வரும்போது குமிழியாகி ஆளைப் படுத்தும். காலையில் என் உடம்பில் கரைந்த நைட்ரஜன் கணக்கு முழுவதும் செத்துப்போன பெட்டிக்குள். புதிதாகக் கட்டினால், இன்று கடலையே பார்க்காதவன் என்று நினைத்துத் தாராளமாக நேரம் கொடுக்கும்.

சரி, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டேபிள் இருக்கிறதே என்று பையிலிருந்து பிளாஸ்டிக் அட்டையை எடுத்தேன். டைவிங் கற்றுத்தரும் PADI அமைப்பின் அந்த டேபிளில் 29 மீட்டர் கிடையாது. அடுத்த ஆழமான 30-ஐத்தான் எடுக்க வேண்டும். அதற்கு உச்ச வரம்பு 20 நிமிடம். பிறகு உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதற்கு ஏ முதல் இசட் வரை ஓர் எழுத்து தருவார்கள். அந்த எழுத்தை வைத்துத்தான் அடுத்த டைவுக்கு நேரம். நான் இருந்ததோ 38 நிமிடம், எனக்கு எழுத்தே இல்லை! நான் அடியில் கிடந்தது ஆறேழு நிமிடம்தான் என்பதெல்லாம் டேபிளுக்கு வேண்டாம். கீழே இருந்த நேரம் முழுக்க அதிகபட்ச ஆழத்திலேயே இருந்ததாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரோ சில நொடிக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொண்டே வரும். அதனால்தான் எனக்கு 38 நிமிடம் கிடைத்தது. அதாவது காலையில் கம்ப்யூட்டரை நம்பி இறங்கியவன் மதியம் டேபிளுக்குத் தாவ முடியாது. படிக்கும்போது இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்காக நான் டேபிள் கட்சிக்கு மாறிவிடவில்லை. 1908-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து உருவாக்கிய கணக்கின் வாரிசுகள்தாம் இரண்டும். பாறையைச் சுற்றி ஏறி இறங்குகிறவனுக்குக் கம்ப்யூட்டர்தான் சரி. ஆனால் பேட்டரி வேண்டாத முள் கேஜை மட்டும் விடமாட்டேன். அன்றும் டேங்கில் காற்றழுத்தம் 60 பார் என்று முள் காட்டிக்கொண்டிருந்தது, பேட்டரியா, கீட்டரியா? பாதி டைவில் திரை அணைந்திருந்தாலும் ஆழக் கேஜும் சாதாரண வாட்சும் போதும், மெதுவாக மேலே வந்து ஐந்து மீட்டரில் நின்றுவிடலாம். அடுத்த டைவுக்குத்தான் வழியில்லை. இனி இரண்டு கைக்கும் ஒவ்வொன்று.

மற்றவர்கள் குதித்தார்கள். நான் படகுக்காரப் பையனோடு உட்கார்ந்து குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணன் மேலே வந்தார். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் அகல விரித்தார்.

"திருக்கை, தம்பி. இவ்ளோ பெருசு!"