‘இம்பெக்கபிள்’ என்ற சொல்லும் அதன் சுற்றமும்

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, மாணவர்களின் கட்டுரைகளிலும் வேலைக்கான விண்ணப்பங்களிலும் மிக அதிகமாகக் கண்ணில் படும் பெயரடை ‘பெர்ஃபெக்ட்’ என்பதுதான். ஆனித் தேரோட்டத்தின் ஏற்பாடுகள், கடையில் வாங்கிய அல்வா, நண்பனின் குணம், தங்கையின் சீருடை என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைச் சூட்டிவிடுகிறார்கள். இலக்கணப்படி இதில் பிழை இல்லை. ஆனால் குறையின்மையைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொற்கள் புழங்குகின்றன. அவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று அப்படியே போய் உட்காரக்கூடியவை அல்ல. ஒவ்வொரு சொல்லும் எந்த வகைக் குறையை மறுக்கிறது என்று பார்த்துவிட்டால், எங்கே எதை எழுதவேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

‘இம்பெக்கபிள்’ என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். இதன் வேர், பாவம் செய்வதைக் குறிக்கும் ‘பெக்காரே’ என்ற லத்தீன் வினை. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இது ‘பாவம் செய்ய இயலாத’ என்று பொருள்படும் சமயச் சொல்லாகவே இருந்தது. அடுத்த நூற்றாண்டில்தான் ‘குற்றம் காணமுடியாத’ என்ற பொதுப்பொருள் ஏற்பட்டது. அந்தப் பழைய சாயல் இன்னும் போகவில்லை. ஒருவரின் நடத்தை, பண்பு, ரசனை, பணிப்பதிவு, பேச்சு, காலம் பார்த்துச் செயல்படும் திறமை ஆகியவற்றுக்கே இந்தச் சொல் இயல்பாகப் பொருந்துகிறது: ‘இம்பெக்கபிள் மேனர்ஸ்’, ‘இம்பெக்கபிள் டேஸ்ட்’, ‘இம்பெக்கபிள் டைமிங்’, ‘ஷீ ஸ்பீக்ஸ் இம்பெக்கபிள் இங்கிலீஷ்’. பல ஆண்டுகள் பணியாற்றி ஒரு புகாரும் இல்லாமல் ஓய்வு பெறும் அலுவலரைப் பற்றி நாம் ‘அப்பழுக்கற்ற மனிதர்’ என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் சொல்வது ‘இம்பெக்கபிள் ரெக்கார்ட்’. உடையையும் விருந்தோம்பலையும் இப்படிச் சொல்லலாம், அவற்றின் பின்னால் ஒரு மனிதரின் தேர்வும் கவனமும் இருப்பதால். ஆனால் குற்றாலத்துச் சாரலையோ மாம்பழத்தையோ ‘இம்பெக்கபிள்’ என்றால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையான ‘பெக்’ மீது விழவேண்டும்.

‘இம்மாகுலேட்’ என்ற சொல்லைக் கற்பிப்பது நம் பகுதியில் எனக்கு மிகவும் எளிதாக இருக்கிறது. லத்தீனில் ‘மாகுலா’ என்றால் கறை, கறையில்லாதது இம்மாகுலேட். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் ‘அமலோற்பவ மாதா’ என்று வழங்கும் பெயர் இந்தச் சொல்லின் நேர்த் தமிழ் வடிவமே. அமலம் என்றால் மலமற்றது. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலங்களைச் சொல்லி இறைவனை நின்மலன் என்று அழைப்பதும் இதே கருத்திலிருந்துதான். ஆகவே மாதா கோயிலுக்குப் போகும் பிள்ளையும் நெல்லையப்பர் சன்னிதிக்குப் போகும் பிள்ளையும் இந்தச் சொல்லை ஏற்கெனவே பாதி அறிந்தவர்களாகவே வகுப்புக்கு வருகிறார்கள். ஒன்றை மட்டும் இங்கே தெளிவுபடுத்திவிட வேண்டும். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அறிவித்த அமல உற்பவக் கோட்பாடு, மரியாள் தம் தாயின் வயிற்றில் ஜென்மப் பாவம் இன்றி உருவானதைப் பற்றியது. இயேசு கன்னியிடம் பிறந்ததைப் பற்றியது அன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அன்றாட வழக்கில் ‘இம்மாகுலேட்’ கண்ணுக்குத் தெரியும் தூய்மையைச் சொல்கிறது: சலவை மடிப்புக் கலையாத சீருடை, துடைத்து வைத்த வீடு, புதிது போலப் பராமரித்த பழைய கார்.

‘ஸ்பாட்லெஸ்’ இதன் எளிய உறவு; அடுக்களைத் தரைக்கும் சொல்லலாம், ஒருவரின் நற்பெயருக்கும் சொல்லலாம். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்ற குறளை ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப், ‘மாசிலன்’ என்பதற்கு இந்தச் சொல்லைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர் இளமையில் சமயப்பணியும் கல்விப்பணியும் செய்த சாயர்புரம், 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். அவருடைய குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வெளிவந்தது. லத்தீன் வேர் கொண்ட கனமான சொற்கள் எத்தனையோ இருக்க, சிறுபிள்ளைக்கும் புரியும் சொல்லை அவர் அங்கே வைத்தது எனக்கு எப்போதும் வியப்பும் மரியாதையும் தருகிறது.

‘ஃபிளாலெஸ்’ மறுப்பது கறையை அன்று, விரிசலை. கல்லிலும் உலோகத்திலும் காணும் கீறலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதால், ஒரு பொருளின் அமைப்பிலேயே குறை இல்லாதபோது இதைப் பயன்படுத்துகிறோம். வைரத்தைத் தரம்பிரிப்பவர்கள், 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் உள்ளும் புறமும் எந்தக் குறையும் தென்படாத கல்லுக்கே இந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள். சருமம், பாட்டு, நடனம், ஒரு திட்டம் நிறைவேறிய விதம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நம் ‘பிசிறில்லாத’ என்ற சொல் இதற்கு மிக அருகில் வருகிறது. பத்தமடையில் கோரையை நுணுக்கமாகக் கிழித்து நெய்த பட்டுப்பாயை விரல்களால் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளை விளக்கவே வேண்டாம்.

‘ஃபால்ட்லெஸ்’, ‘அன்பிளெமிஷ்ட்’ ஆகியவை பெயரிலேயே விளங்கிவிடும். ‘பிரிஸ்டீன்’ மட்டும் சற்று வேறானது. முன்பிருந்த நிலை மாறாமல் இருப்பதுதான் அதன் கருத்து, எனவே காரையாறுக்கு மேலே உள்ள பொதிகைக் காட்டுக்கு அது தகும்.

இனி ‘பெர்ஃபெக்ட்’. முழுவதுமாகச் செய்து முடித்தது என்பதே இதன் லத்தீன் மூலப்பொருள். இலக்கணத்தில் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ என்று சொல்வதும் செயல் முடிந்துவிட்டதைக் காட்டத்தான். ஆகவே அல்வா சரியான பதத்தில் இறங்கியிருந்தால் அதைத் தாராளமாகப் ‘பெர்ஃபெக்ட்’ என்று சொல்லலாம். ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்’ என்பதில் புகழ்ச்சி எதுவும் இல்லை. முன்பின் தெரியாத ஆள் என்றுதான் அதற்குப் பொருள். முழுமைக்கு மேல் முழுமை கிடையாது என்பதால் ‘வெரி பெர்ஃபெக்ட்’ என்று எழுதுவதைத் தவிர்த்து, ‘அப்சலூட்லி பெர்ஃபெக்ட்’ அல்லது ‘ஆல்மோஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்று எழுதச் சொல்கிறேன். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே ‘மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்று இருப்பதைச் சில மாணவர்கள் சுட்டிக்காட்டுவதுண்டு. முழுமையை நோக்கி இன்னும் நெருங்கிச் செல்வது என்ற பொருளில் அது சரியான வழக்கே, ஆனால் தேர்வுத்தாளில் அதைப் பின்பற்ற வேண்டாம் என்பேன்.

விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஐ ஹாவ் இம்பெக்கபிள் கேரக்டர்’ என்று தம்மைப் பற்றித் தாமே எழுதுவது தற்புகழ்ச்சியாகவே படிக்கப்படும். அந்தச் சொல் உங்களுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரும் ஆசிரியரோ மேலாளரோ பயன்படுத்த வேண்டியது. உங்கள் கடிதத்தில் நீங்கள் செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல், குறிப்பாக ‘இம்மாகுலேட்’ என்பதில் இரண்டு ‘எம்’ போட்டு, ‘இம்பெக்கபிள்’ என்பதில் இரண்டு ‘சி’ போட்டு எழுதுங்கள்.