துடுப்பை யார் தேய்த்தது?

ஜூன் 3

ஆல்ஜெர்னான் பிளாக்வுட் எழுதிய திகில் கதை 'தி வில்லோஸ்' (1907). இரண்டு பேர் டான்யூப் ஆற்றில் சின்னப் படகில் புடாபெஸ்ட் பக்கமாகப் போகிறார்கள். ஆற்றில் வெள்ளம். வில்லோ புதர் மண்டிய ஒரு மணல்திட்டில் கூடாரம் அடிக்கிறார்கள். தண்ணீர் கரையை அரிக்க அரிக்கத் திட்டு சிறுத்துக்கொண்டே வருகிறது. அதுவரை சரி, வெள்ளம் என்றால் அப்படித்தான். காலையில் பார்த்தால் ஒரு துடுப்பைக் காணோம், படகின் அடியில் நீளமாக ஒரு கிழிசல். மிச்சமிருக்கும் துடுப்பின் அலகை யாரோ உப்புத்தாள் போட்டு நிதானமாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். ஓங்கி ஒரு வலி வலித்தால் முறிந்துவிடும்.

கதைசொல்லி உடனே சமாதானம் தேடுகிறான். தூக்கத்தில் நடந்து நம்மில் ஒருவரே செய்திருப்போம், இல்லையென்றால் காற்றில் பறந்த மணல் தேய்த்திருக்கும். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கூட வந்த ஸ்வீடன்காரன் கற்பனையே இல்லாத ஆள். அவன் முதலில் மிரண்டுபோகிறான். அங்கேதான் எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

ஜூன் 9

லவ்கிராஃப்டின் 'தி கால் ஆஃப் துலு', 1928. பழைய தாள்கள், பத்திரிகைத் துணுக்குகள், களிமண் சிற்பம் என்று தொடங்கும் விதம் அருமை. ஆனால் கறுத்தவன், கலப்பினத்தவன் எல்லாரும் பூதபூசை செய்கிறவர்கள். என்னை எந்த வரிசையில் நிறுத்துவார் என்று தெரிந்துகொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு நார்வே மாலுமி கப்பலை நேராக விட்டு மோத, துலு என்கிற அந்த மகா பூதத்தின் தலை வெடிக்கிறது. மறுபடி ஒட்டிக்கொள்கிறதுதான், ஆனாலும் பயம் போயே போச்சு.

ஜூன் 12

அதே ஆளின் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' (1927). இவர்தான் அதையும் எழுதினாரா! நேஹம் கார்ட்னரின் பண்ணையில் விண்கல் விழுகிறது. அந்த வருடம் பழங்கள் பெரிதாக, பளபளவென்று காய்க்கின்றன, கடித்தால் கசப்பு. கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பக்கத்துப் பண்ணைக்காரர் அம்மி சொல்கிறார். அப்புறமும் அந்தக் குடும்பம் அதையே குடிக்கிறது, அரைகுறையாகச் சமைத்துச் சாப்பிடுகிறது, வழக்கமான வேலைகளைப் பார்க்கிறது. ஓடிப்போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்த பொருளுக்கு இவர்கள்மேல் கோபமும் இல்லை, அக்கறையும் இல்லை. இதில் மோதி உடைக்க ஒரு தலைகூட இல்லை.

ஜூன் 17

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் 'தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்' (1908). பன்றி முகப் பிராணிகளைச் சுட்டுத் தள்ளும் அத்தியாயங்கள் இழுவை. பிறகு கடிகார முள் வேகம் பிடிக்கிறது. பகலும் இரவும் மின்னி மின்னி ஒன்றாகி, சூரியன் வானத்தில் ஒரு நெருப்புக் கோடாகிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் கூடவே இருந்த நாய் பெப்பர் தூசியாகிக் கிடக்கிறது. பிரபஞ்சமே அழியப்போகும் கதையில் எனக்குத் தொண்டை அடைத்தது அந்த நாய்க்காகத்தான். இதை எழுதியவர் 1918-இல் போர்முனையில் குண்டு விழுந்து இறந்தார்.

அடுத்தது ஆர்தர் மேக்கனின் 'தி ஒயிட் பீப்பிள்'. ஒரு சிறுமியின் குறிப்பேடாக வரும் கதை என்கிறார்கள். வார இறுதியில் எடுக்க வேண்டும்.